பிரிந்த ராப் ஜோடி மறுபடி ஒரே மைக் முன்னால் நிற்கும்போது

கேள்வி இது: "பல வருஷம் பிரிந்திருந்த ஹிப்ஹாப் ஜோடிகள் மறுபடி சேர்ந்து ஆல்பம் போடுகிறார்கள். 2025இல் கிளிப்ஸ் போட்டது உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் இப்படிச் சேர்ந்து செய்பவை பெரும்பாலும் சப்பென்று போய்விடுகின்றனவே, ஏன்? பலர் மேடை ஏறுவதோடு நிறுத்திக்கொள்கிறார்களே, ஆல்பம் போடுவதில் அப்படி என்ன கஷ்டம்?"

முப்பது வருஷமாக இந்த இசையை விடாமல் கேட்டுவருபவன் என்ற முறையில் சொல்கிறேன். ராப் எழுதத் தெரிந்தவர் ஐம்பது வயதிலும் நன்றாகவே எழுதுகிறார். குரல் கொஞ்சம் கனத்திருக்கும், மூச்சு கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஜோடிக்கு வரும் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு ஜோடியில் ஒருவர் எழுதும் வரியை முதன்முதலில் கேட்பவர் மற்றவர். அவர் முகம் கோணினால் அந்த வரி போயிற்று. அவர் சிரித்தால், தலையை ஆட்டினால், அந்த வரி நின்றது. பதினாறு, பதினேழு வயதில் அப்படி எழுதிப் பழகியவர்கள் பிரிந்து போகும்போது ஒரு நண்பனை மட்டும் இழப்பதில்லை, அந்தக் காதையும் இழக்கிறார்கள். அதற்குப் பிறகு சுற்றியிருக்கும் மேனேஜர், லேபிள் (பாட்டை வெளியிடும் நிறுவனம்) ஆட்கள், ரசிகர்கள் எல்லாரும் "பிரமாதம்" என்றுதான் சொல்வார்கள். "இது நீ எழுதினது மாதிரியே இல்லையே" என்று சொல்ல ஆள் இருக்காது.

மறுபடி சேரும்போது திரும்பி வர வேண்டியது அந்தக் காது. நான் கேட்டவரையில் அது வந்த ஆல்பங்கள்தான் தேறின. பீட், அதாவது ராப்புக்கு அடியில் ஓடும் தாளமும் இசையும், எவ்வளவு நன்றாக இருந்தாலும், எத்தனை பெரிய விருந்தினர்கள் வந்து பாடினாலும், அது வராத ஆல்பத்தில் இரண்டு தனி ஆல்பங்களைப் பாதிப்பாதியாக வெட்டி ஒட்டிய சத்தம்தான் கேட்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் இது புரியும். ராப்பில் ஒரு வெர்ஸ், அதாவது ஒருவர் தொடர்ந்து பாடும் பகுதி, பெரும்பாலும் 16 பார். ஒரு பாருக்கு நான்கு அடி. நிமிஷத்துக்கு 90 அடி ஓடும் பீட்டில் 16 பார் என்பது ஏறக்குறைய 43 விநாடி. தனியாகப் பாடுபவருக்கு ஒரு பாட்டில் இப்படி மூன்று வெர்ஸ் கிடைக்கும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் தன் கதையை நிதானமாக விரிக்கலாம். ஜோடியாகப் பாடினால் அதில் பாதிதான். இருவரும் இரண்டிரண்டு பாராக மாற்றி மாற்றிப் பிடித்தால் ஒருவர் கையில் ஐந்து விநாடி சொச்சம்தான் இருக்கும். அதற்குள் எதுகை விழ வேண்டும், மூச்சும் எடுக்க வேண்டும், அடுத்தவர் ஏறிக்கொள்ள ஒரு படியும் விட்டுவைக்க வேண்டும். பத்து வருஷம் தனியாகப் பாடியவருக்கு அந்தப் படியை விடவே தோன்றாது. கடைசிச் சொல்லைத் தானே பிடித்து முடித்துவிடுவார். அடுத்தவர் வரும்போது பாட்டு ஏற்கெனவே மூடிக் கிடக்கும். சேர்ந்து போட்ட எந்த ஆல்பத்தைக் கேட்டாலும் நான் முதலில் கவனிப்பது இந்த இடத்தைத்தான்: முதல் ஆள் முடிக்கும் சொல்லிலிருந்து இரண்டாவது ஆள் தொடங்குகிறாரா, அல்லது புதிதாக ஆரம்பிக்கிறாரா?

கிளிப்ஸுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

புஷா டி, மாலிஸ் இருவரும் உடன்பிறந்தவர்கள். மாலிஸ் ஐந்து வயது மூத்தவர். நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்து வர்ஜீனியா பீச்சில் வளர்ந்தவர்கள். அதே ஊர்க்காரர்களான ஃபரல் வில்லியம்ஸ், சாட் ஹியூகோ என்ற இன்னொரு ஜோடி, நெப்டியூன்ஸ் என்ற பெயரில் இவர்களுக்கு பீட் செய்தது. 2002இல் வந்த 'லார்ட் வில்லின்' ஆல்பத்தில் 'கிரைண்டின்' என்ற பாட்டு இருக்கிறது. அதில் மெட்டு என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது, வெறும் தட்டல்கள்தான். அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் சாப்பாட்டு மேஜையை முஷ்டியால் குத்தியே அந்த பீட்டை வாசித்தார்கள். அந்த வெறுமையான தளத்தின் மேல் அண்ணனும் தம்பியும் கொக்கைன் வியாபாரத்தைப் பற்றிப் பேசினார்கள். தம்பி பேசுவதில் ஒரு மிடுக்கும் ஏளனமும் இருக்கும். அதே காரியத்தை அண்ணன் சொல்லும்போது அதன் அடியில் ஒரு குற்ற உணர்ச்சி ஓடும். குரலில் இருவரும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான், மனசு மட்டும் இரண்டு திசை. அதுதான் இந்த ஜோடியின் ருசி.

லேபிள் தகராறில் மாட்டி இரண்டாவது ஆல்பம் 'ஹெல் ஹேத் நோ ஃப்யூரி' 2006இல்தான் வெளிவர முடிந்தது. 2009இல் மூன்றாவது. அதே வருஷம் அவர்களுடைய மேனேஜர் போதைப்பொருள் வழக்கில் கைதானார். பாட்டில் மினுக்கியது கண்ணெதிரே சிறைத் தண்டனையாக வந்து நின்றபோது அண்ணன் மனசு திரும்பிவிட்டது. கிறிஸ்தவ விசுவாசத்தில் ஊன்றினார், பெயரையே 'நோ மாலிஸ்' என்று மாற்றிக்கொண்டார், 2011இல் தன் மாற்றத்தைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். தம்பி தனியாகப் பாடிப் பெரிய ஆளானார். இருவருக்கும் நடுவே சண்டை எதுவும் இல்லை. ஒருவருக்கு வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், சண்டை போட்டுப் பிரிந்தவர்களைச் சேர்ப்பதைவிட இது கடினம். சண்டையை சமாதானம் பேசித் தீர்த்துவிடலாம். மாறிப்போன மனுஷனைப் பழையபடி ஆக்க முடியாது.

அவர்கள் திரும்பி வந்த வழியைப் பாருங்கள். ஒரே தாவலில் ஆல்பத்துக்குப் போகவில்லை. 2019இல் கான்யே வெஸ்ட்டின் ஆல்பத்தில் ஒரு பாட்டில் இருவர் குரலும் சேர்ந்து வந்தது. அதுவும் சுவிசேஷ ஆல்பம், அண்ணனுக்கு மனசு உறுத்தாத இடம். 2022இல் ஜப்பானிய வடிவமைப்பாளர் நிகோவின் தொகுப்பில் கிளிப்ஸ் பெயரிலேயே ஒரு பாட்டு. அதே வருஷம் தம்பியின் தனி ஆல்பத்தில் கடைசிப் பாட்டில் அண்ணன் வந்தார். இப்படி ஒவ்வொரு பாட்டாக அந்தக் காதைச் சரிபார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் பாரீஸ். லூயி வுய்ட்டான் என்ற ஃபேஷன் நிறுவனத்தின் ஆண்கள் பிரிவுக்கு வடிவமைப்புத் தலைவராகப் போயிருந்த ஃபரல், அங்கே தலைமையகத்திலேயே ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். ஆல்பம் பெரும்பாலும் அங்கே உருவானது. 2025 ஜூலை 11 அன்று 'லெட் காட் சார்ட் எம் அவுட்' வெளியானது, 13 பாட்டு. முந்தைய கிளிப்ஸ் ஆல்பத்துக்கும் இதற்கும் நடுவே ஏறக்குறைய 16 வருஷம். அப்போது தம்பிக்கு 48 வயது, அண்ணனுக்கு 52.

முதல் பாட்டு 'தி பேர்ட்ஸ் டோன்ட் சிங்'. இதைக் கேட்டபோது நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். சில மாத இடைவெளியில் அவர்களுடைய அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். பாட்டில் தம்பியின் வெர்ஸ் அம்மாவுக்கு, அண்ணனின் வெர்ஸ் அப்பாவுக்கு. அம்மா கடைசியாகப் பேசிய பேச்சில் ஒரு விடைபெறுதல் இருந்தது, அதைத் தான் அப்போது கவனிக்கவில்லையே என்று தம்பி அரற்றுகிறார். பிறகு அண்ணன் வருகிறார். அப்பா வீட்டு வாசலில் கார் நிற்கிறது, அப்படியென்றால் உள்ளேதான் இருக்கிறார். கதவைத் தட்டுகிறார். மூன்றாவது தட்டலில் உடம்பு சில்லிடுகிறது. அவ்வளவையும் சில வரிகளில் சொல்கிறார். உள்ளே என்ன பார்த்தார் என்று விவரிப்பதில்லை, அம்மாவைத் தனியே அனுப்ப அப்பாவுக்கு மனசு வரவில்லை என்ற அர்த்தத்தில் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

இதில் வேலைப்பாடு எங்கே இருக்கிறது என்றால், துக்கத்தைப் பங்கு போட்ட விதத்தில். தம்பி அப்பாவைப் பற்றிய பெரிய கதைக்குள் நுழைவதில்லை, அண்ணன் அம்மாவின் கடைசிப் பேச்சைத் தொடுவதில்லை. ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் இருவரும் நின்று பேசுவது மாதிரி இருக்கிறது. தனி ஆல்பத்தில் இந்தப் பாட்டை யார் எழுதியிருந்தாலும் இரண்டு சாவையும் தானே சொல்லியிருப்பார். "அந்தப் பாதி உன்னுடையது" என்று விட்டுக்கொடுக்க ஜோடியில்தான் முடியும். அடுத்தவர் ஏறிக்கொள்ள விட வேண்டிய படி என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

இன்னொன்றையும் கவனித்தேன். அண்ணன் 2002ஆம் வருஷத்து மாலிஸாக நடிக்கவில்லை. பெயரைப் பழையபடி வைத்துக்கொண்டாரே தவிர, இடையில் நடந்ததை மறைக்கவில்லை. விசுவாசமும் பழைய தெருப் பேச்சும் ஒரே வெர்ஸுக்குள் முட்டிக்கொள்கின்றன, அதை அவர் சமன்படுத்தவும் பார்க்கவில்லை. சேர்ந்து போடும் பல ஆல்பங்கள் இங்கேதான் வழுக்குகின்றன. ரசிகர்கள் கேட்பது பழைய சத்தம், லேபிள் கேட்பதும் அதுவே. அதனால் இருவரும் சேர்ந்து தங்கள் இருபத்தைந்து வயதை மிமிக்ரி செய்கிறார்கள். நடுவில் போன வருஷங்கள் ஆல்பத்தில் எங்கேயுமே இருக்காது. கேட்பவர்களும் அந்த வருஷங்களை வாழ்ந்துவிட்டுத்தானே வந்திருக்கிறோம்?

லேபிள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜோடிகள் சேர்வதில் பாதி வேலை வக்கீல் மேஜையில்தான் நடக்கிறது. இந்த ஆல்பத்தில் ராப்பர் கென்ட்ரிக் லமார் ஒரு பாட்டில் வருகிறார். அந்த வெர்ஸை மாற்றச் சொல்லி அவர்களுடைய லேபிளான டெஃப் ஜாம் நிர்ப்பந்தித்தது என்று புஷா டி வெளிப்படையாகச் சொன்னார். டெஃப் ஜாமின் தாய் நிறுவனம் யுனிவர்சல். கென்ட்ரிக்கின் ஒரு பாட்டுக்காக இன்னொரு ராப்பரான டிரேக் அந்த யுனிவர்சல் மீது 2025 ஜனவரியில் வழக்குப் போட்டிருந்த நேரம் அது. சகோதரர்கள் வெர்ஸைத் தொடவில்லை. ஏழு இலக்கத் தொகையைக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தார்கள் என்று அவர்கள் தரப்பு சொன்னது. பிறகு ராக் நேஷன் என்ற வேறு நிறுவனம் வழியாக வெளியிட்டார்கள். முதல் வாரமே அமெரிக்க ஆல்பங்களின் பில்போர்ட் 200 தரவரிசைப் பட்டியலில் நான்காவது இடம். தனித்தனியாக இருந்திருந்தால் இருவரில் ஒருவர் வளைந்து கொடுத்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றும்.

குறையும் உண்டு. முதல் இரண்டு ஆல்பங்களையும் செய்தது ஃபரல், சாட் இருவரும். இந்த ஆல்பத்தில் ஃபரல் மட்டும்தான். சகோதரர்கள் சேர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் அந்த ஜோடி 'நெப்டியூன்ஸ்' என்ற பெயருக்காகச் சட்டச் சிக்கலில் இருந்தது. அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். பீட்டில் அந்த இன்மை கேட்கிறது. 2006 ஆல்பத்தில் இருந்த அந்த ஈரமில்லாத, எலும்பு மட்டும் தெரிகிற சத்தம் இதில் இல்லை. திரும்பத் திரும்ப வரும் சில ஹூக்குகளில் ஃபரல் தானே பாடுவது பாட்டின் இறுக்கத்தைத் தளர்த்திவிடுகிறது. ஃபரலின் வரியை முதலில் கேட்கும் காது அங்கே இல்லையே என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்து, இந்தக் கேள்விக்கு எனக்கு மிகவும் பிடித்த பதில் யுஜிகே. கிளிப்ஸ் அளவுக்கு இதைப் பலர் கேட்டிருக்க மாட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

டெக்சஸில் போர்ட் ஆர்தர் என்ற எண்ணெய் சுத்திகரிப்பு ஊர். பன் பி, பிம்ப் சி என்று இருவர். பிம்ப் சி பாடுவதோடு பீட்டும் செய்வார். தேவாலய ஆர்கனும் புளூஸ் கிடாரும் கலந்த அந்த இசையை அவர் 'நாட்டுப்புற ராப்' என்ற அர்த்தத்தில் வேறு பெயர் சொல்லி அழைத்தார். இவர்களைப் பிரித்தது சிறை. 2002இல் பிம்ப் சி உள்ளே போனார், 2005 டிசம்பர் கடைசியில் வெளியே வந்தார். நடுவே இருந்த நான்கு வருஷமும் பன் பி சும்மா இருக்கவில்லை. யார் கூப்பிட்டாலும் போய் அவர்கள் பாட்டில் ஒரு வெர்ஸ் பாடினார், போன இடத்திலெல்லாம் "பிம்ப் சியை விடுதலை செய்" என்று சொன்னார். ஜோடியில் ஒருவர் இல்லாதபோது அவருடைய இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் காலியாகவே வைத்திருந்தார். இதைவிடப் பெரிய விசுவாசத்தை இந்த இசையில் நான் பார்த்ததில்லை.

2007 ஆகஸ்டில் இரண்டு டிஸ்க் ஆல்பமாக 'அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்' வந்தது. பில்போர்டில் நேராக முதலிடம். அதில் 'இன்டர்நேஷனல் பிளேயர்ஸ் ஆந்தம்' என்ற பாட்டில் யுஜிகே, அவுட்காஸ்ட் என்று இரண்டு ஜோடிகள், நான்கு பேர். 1973இல் வில்லி ஹட்ச் பாடிய ஒரு சோல் பாட்டிலிருந்து எடுத்த துண்டின் (சாம்பிள்) மேல் த்ரீ 6 மாஃபியா என்ற ராப் குழு செய்த பீட். தொடக்கத்தில் அவுட்காஸ்ட்டின் ஆந்த்ரே 3000 வரும்போது டிரம்ஸே கிடையாது. பழைய சோல் குரல் மட்டும் சுழன்றுகொண்டிருக்க, கல்யாணம் செய்துகொள்ளப் போகிற ஒருவன் தன் பழைய வாழ்க்கைக்கு விடைகொடுப்பதுபோல அவர் பேசிக்கொண்டே போகிறார். தரையே இல்லாமல் நடப்பது மாதிரி இருக்கும். அவர் முடித்ததும் டிரம்ஸ் தொம்மென்று விழ, அதன் மேலேயே பிம்ப் சியின் குரல் ஏறும். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், அந்த இடத்தில் முதுகு நிமிரும். பிறகு பன் பி, கடைசியில் அவுட்காஸ்ட்டின் இன்னொருவரான பிக் பாய். நான்கு பேரும் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் மதித்து எடுக்கிறார்கள்.

அந்த வருஷம் டிசம்பர் 4ஆம் தேதி பிம்ப் சி இறந்துவிட்டார். வயது 33. திரும்பி வந்த ஜோடிக்கு ஆல்பம் வெளியான பிறகு கிடைத்தது நான்கே மாதம்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளாக் ஸ்டார், அதாவது முன்பு மோஸ் டெஃப் என்று பாடிய யாசின் பேயும் டாலிப் குவேலியும், 1998இல் ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். அடுத்தது 2022இல், 24 வருஷம் கழித்து, மேட்லிப் என்ற இசைத் தயாரிப்பாளரின் பீட்டில். அது எப்படித் தொடங்கியது என்று குவேலி சொன்னது இந்தக் கேள்விக்குப் பொருத்தமானது. ஐரோப்பாவில் நண்பரைப் பார்க்கப் போனவர், பேச்சு மெல்லப் பாட்டுப் பக்கம் திரும்புவதைக் கண்டு, ஒலிப்பதிவாளர் ஒருவரை எப்போதும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்தாராம். ஒருநாள் ஹோட்டல் அறையில் மேட்லிப்பின் பீட்டுகளை ஓடவிட்டிருந்தபோது யாசின் பே தானாக வரிகளைச் சொல்லத் தொடங்கினார், அதுதான் முதல் பாட்டு. ஸ்டூடியோ தேதி குறித்து, கேமரா வைத்து, "வா, சேர்ந்து பாடலாம்" என்று கூப்பிட்டிருந்தால் அவர் வந்திருப்பாரா என்பது சந்தேகமே. இந்த ஆல்பத்தை அவர்கள் ஒரு பாட்காஸ்ட் தளத்தில் மட்டும் வெளியிட்டார்கள். அதனாலேயே பலர் காதுக்கு அது போகவில்லை.

ஈபிஎம்டி ஜோடி 1988இலிருந்து எல்லா ஆல்பத்துக்கும் 'பிசினஸ்' என்ற சொல் வருகிற மாதிரியே பெயர் வைத்தவர்கள். 1993இல் பிரிந்து 1997இல் 'பேக் இன் பிசினஸ்' என்று திரும்பினார்கள். நல்ல ஆல்பம்தான், ஆனால் எரிக் செர்மனும் பேரிஷ் ஸ்மித்தும் தங்களுடைய பழைய கடையை அதே இடத்தில் அதே பலகையோடு திறந்த மாதிரி இருக்கும். அதற்கு மேல் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. எரிக் பி, ரகீம் கதை இன்னும் கசப்பு. நான்கு ஆல்பத்தில் ராப் எழுதும் முறையையே மாற்றிய ஜோடி அது. 1990களின் தொடக்கத்தில் ஒப்பந்தத் தகராறில் பிரிந்தவர்கள், 2017இல் தங்கள் முதல் ஆல்பத்தின் 30ஆம் ஆண்டுக்காக அப்பல்லோ தியேட்டரில் மேடை ஏறினார்கள். கச்சேரிகள் நடந்தன, புது ஆல்பம் வரவில்லை.

மேடைக்கும் ஆல்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் கேட்டிருந்தீர்கள். மேடையில் பழைய பாட்டு போதும். அது ஏற்கெனவே இருவரும் ஒப்புக்கொண்ட விஷயம், யாரும் யாரிடமும் புதிதாக எதையும் காட்ட வேண்டாம். பணமும் உடனே கைக்கு வரும். ஆல்பத்தில் வெற்றுத்தாளோடு எதிரெதிரே உட்கார வேண்டும். "இந்த வரி சரியில்லை" என்று சொல்லவும் கேட்கவும் வேண்டும். நடுவில் ஒருவர் புகழில் மேலே போயிருந்தால், மற்றவர் அதைச் சொல்லத் தயங்குவார். இதோடு பாட்டு உரிமையில் யாருக்கு எத்தனை பங்கு, தனித்தனி லேபிள் ஒப்பந்தங்கள், பெயர் யாருக்குச் சொந்தம் என்ற பேச்செல்லாம் முதல் வரி எழுதும் முன்பே வந்து நிற்கும்.

ஒரே அறையில் இருந்தாக வேண்டுமா, இப்போதுதான் வெர்ஸை மின்னஞ்சலில் அனுப்பலாமே என்றும் சிலர் கேட்பார்கள். ஜோடி அல்ல, குழுதான் என்றாலும் எ டிரைப் கால்ட் க்வெஸ்ட் இதற்கு நல்ல உதாரணம். 2015 நவம்பரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் சேர்ந்து பாடிய பிறகு, 18 வருஷத்தில் முதல் ஆல்பத்துக்கு உட்கார்ந்தபோது, யாரும் வெர்ஸை அனுப்பிவைக்கக் கூடாது, நியூஜெர்சியில் உள்ள தன் வீட்டு ஸ்டூடியோவுக்கு நேரில் வந்துதான் பாட வேண்டும் என்று க்யூ-டிப் கறாராகச் சொல்லிவிட்டார். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருந்த அதே குழுவின் ஃபைஃப், கலிபோர்னியாவிலிருந்து அவ்வளவு தூரம் விமானத்தில் வந்துபோனார். 2016 மார்ச்சில் அவர் இறந்தார், ஆல்பம் நவம்பரில் வந்தது. கேட்டுப் பாருங்கள்: இருவரும் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் சொல்லைப் பிடுங்கிப் பேசுவது அதில் அப்படியே பதிவாகியிருக்கிறது. மின்னஞ்சலில் அது வராது.

ஒருவர் இல்லாமலே போன பிறகு சேர்வதும் நடந்திருக்கிறது. கேங் ஸ்டார் ஜோடியில் குரு 2010 ஏப்ரலில் இறந்தார். அதற்கும் சில வருஷம் முன்பே இருவரும் பிரிந்திருந்தார்கள், நேரில் பேசித் தீர்க்க வாய்ப்பே கிடைக்கவில்லை. குரு கடைசிக் காலத்தில் பதிவு செய்திருந்த குரல்களை ஜோடியின் மற்றவரான டிஜே பிரீமியர் பின்னாளில் விலைகொடுத்து வாங்கி, அவற்றைச் சுற்றி பீட் கட்டி, 2019 நவம்பரில் 'ஒன் ஆஃப் தி பெஸ்ட் யெட்' என்று வெளியிட்டார். குருவின் அஸ்தி இருந்த கலசத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்ததாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். வழக்கமாக பீட் முதலில் வரும், பாடுபவர் அதற்கு எழுதுவார். இங்கே தலைகீழ்: நண்பன் எங்கே மூச்சு எடுக்கிறான், எங்கே சொல்லை இழுக்கிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அதற்கேற்ப டிரம்ஸை வைக்க வேண்டும். காது என்று நான் சொன்னதை ஒருவர் இவ்வளவு முழுமையாக இன்னொருவருக்குக் கொடுத்தது வேறு எங்கேயும் இல்லை. மாப் டீப் ஜோடியில் பிராடிஜி போன பிறகு ஹேவக்கும் இதே வழியில் 2025 அக்டோபரில் ஓர் ஆல்பம் முடித்தார்.

கடைசியாக, எல்லாரும் கேட்பது: அவுட்காஸ்ட் எப்போது?

2003இலேயே அவர்கள் ஒரு அட்டைக்குள் இரண்டு தனி ஆல்பங்களைத்தான் வைத்தார்கள், ஆளுக்கு ஒன்று. அது அடுத்த வருஷம் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியும் வாங்கியது. 2006க்குப் பிறகு ஆல்பமே இல்லை. 2014இல் நாற்பதுக்கும் மேற்பட்ட விழா மேடைகளில் ஏறினார்கள். ஆந்த்ரே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வேறு வேறு வாசகம் அச்சிட்ட கறுப்பு முழு உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். அப்படி 47 உடுப்புகள் பிறகு மயாமியில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பழைய பாட்டைப் பாடிக்கொண்டே புதிதாகச் சொல்ல வேண்டியதைச் சட்டையில் எழுதிக்கொண்டு நின்ற மனுஷன் அவர். 2023இல் தனி ஆல்பம் போட்டார், அது முழுக்கப் புல்லாங்குழல். ராப் இல்லை.

2025 நவம்பரில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவுட்காஸ்ட்டைச் சேர்த்துக்கொண்டபோது பிக் பாய் மற்றவர்களோடு பாடினார், ஆந்த்ரே பாடவில்லை. ஆனால் பேசினார். பெரிய காரியங்கள் சின்ன அறைகளில்தான் தொடங்குகின்றன என்று சொல்லவந்தவருக்குக் குரல் உடைந்து கண் கலங்கிவிட்டது. அவர் எந்த அறையைச் சொன்னார் என்று அவர்கள் ஊரான அட்லாண்டாவின் கதை தெரிந்தவர்களுக்குத் தெரியும்: அவர்களுக்கு ஆரம்பத்தில் பீட் செய்தவர்களில் ஒருவரான ரிக்கோ வேடின் அம்மா வீட்டு நிலவறை, அரைகுறையாக நின்ற செம்மண் தரை, பள்ளி வயதுப் பையன்கள் பலர் ஒருவர் எழுதியதை ஒருவர் கேட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த இடம். 'டஞ்சன்' என்றுதான் அதற்குப் பெயர். 2024 ஏப்ரலில் ரிக்கோ வேடும் போய்விட்டார். ஆந்த்ரே அழுதபோது பிக் பாய் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.